வெள்ளம் வந்தால் வாக்குச்சாவடி எங்கே போகும்?

நீர்மட்டம் (இழையைத் தொடங்கியவர்)

தேர்தல் தேதி அறிவித்த பிறகு புயலோ நிலநடுக்கமோ வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நண்பர்களுக்குள் ஒரு வாக்குவாதம். பாதிப் பேர் ‘தள்ளி வைக்க வேண்டியதுதான், உயிர்தான் முக்கியம்’ என்றார்கள். மீதிப் பேர் ‘இந்த முறை விட்டால் அடுத்த முறை ஆளுங்கட்சிக்குத் தோதான மழைதான் பெய்யும்’ என்றார்கள். எனக்கு இரண்டு பக்கமும் சரியாகத்தான் பட்டது. அதுதான் தொல்லை.

வீட்டுக்கு வந்து பழைய நிகழ்வுகளைத் தேடிப் பார்த்தேன். 1970 நவம்பர் 12 அன்று இரவு போலா புயல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தான் கரையை அடித்து நொறுக்கியது. செத்தவர்கள் மூன்று லட்சத்துக்குக் குறையாது என்கிறார்கள். அப்படியும் டிசம்பர் 7 பொதுத்தேர்தல் நடந்தது. அடிபட்ட கரையோரத் தொகுதிகளில் மட்டும் 1971 ஜனவரி 17 அன்று வாக்குப்பதிவு வைத்தார்கள். ஹைத்தியில் நேர்மாறு. 2010 ஜனவரி 12 நிலநடுக்கம், பிப்ரவரி 28 தேர்தல் நவம்பர் 28க்குப் போனது. ஒன்பது மாதம் தள்ளியும் கூடாரத்தில் கிடந்த மக்கள் பட்டியலில் தங்கள் பெயரைத் தேடி அலைந்தார்கள். நடுவில் காலரா வேறு. கால்வாசிப் பேர்கூட வாக்களிக்கவில்லை. அமெரிக்காவில் சாண்டி புயல் 2012 அக்டோபர் 29 கரையேறியது, அதிபர் தேர்தல் நவம்பர் 6. எட்டே நாள் இடைவெளி. தேதி அசையவில்லை.

தள்ளி வைத்த இடத்திலும் மக்கள் விடுபட்டிருக்கிறார்கள், வைக்காத இடத்திலும் விடுபட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் எதை வைத்து முடிவெடுப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மாபார்ப்பவன்

நான் உங்கள் நண்பர்களில் இரண்டாம் பாதி. தள்ளி வைக்கும் அதிகாரம் என்பது கத்தி மாதிரி, யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. துருக்கி அரசமைப்பின் 78ஆவது பிரிவைப் பாருங்கள். போர் காரணமாகத் தேர்தல் நடத்த முடியாமல் போனால் மட்டும் நாடாளுமன்றம் ஓராண்டு தள்ளலாம். நிலநடுக்கம் என்ற சொல்லே அதில் இல்லை. 2023 பிப்ரவரி 6 அன்று ஐம்பதாயிரம் பேருக்கு மேல் செத்த நிலநடுக்கத்துக்குப் பிறகு தள்ளி வைக்கலாமா என்று அங்கே பேச்சு கிளம்பியது. கடைசியில் மே 14 அன்று தேர்தல் நடந்தது. விதி இறுக்கமாக இருந்ததால்தான் நடந்தது என்பேன்.

சட்டப்பொறி

சும்மாபார்ப்பவன் சொல்வது முழுத் தேர்தலுக்கு. ஆனால் ‘தள்ளு, தள்ளாதே’ என்று இரண்டே கதவு இருப்பதுபோல் பேசுகிறோமே, மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. இந்தியாவில் 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 57ஆவது பிரிவு. இயற்கைச் சீற்றத்தால் ஒரு வாக்குச்சாவடியில் வாக்குப்பதிவு நடத்த முடியாவிட்டால், அந்தச் சாவடியின் தலைமை அலுவலரே ஒத்திவைப்பை அறிவிக்கலாம். பிறகு தேர்தல் ஆணையத்தின் ஒப்புதலோடு வேறு நாளும் இடமும் நேரமும் குறிப்பார்கள். மற்ற சாவடிகள் பாட்டுக்கு நடக்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. ஒத்திவைத்த வாக்குப்பதிவு முடியும்வரை அந்தத் தேர்தலின் வாக்குகளை எண்ணக் கூடாது. ஏன் என்று புரிய ஹவாய் கதையைச் சொல்ல வேண்டும். 2014 ஆகஸ்டில் இசெல் புயல் வந்த இரண்டாவது நாளில் அங்கே கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் உள்கட்சித் தேர்தல். பூனா பகுதியில் சாலையெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் இரண்டு சாவடிகளை மட்டும் ஒத்திவைத்தார்கள். மற்ற இடத்து முடிவுகளோ அன்று இரவே வெளியாகிவிட்டன. செனட் இடத்துக்கான போட்டியில் வித்தியாசம் 2,000 வாக்குகூட இல்லை. ஆக, ஒரு மாநிலத்தின் தீர்ப்பு அந்த இரண்டு சாவடிக்காரர்கள் தலையில் வந்து உட்கார்ந்தது. தண்ணீரும் மின்சாரமும் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர்கள் ஆகஸ்ட் 15 அன்று போய் வாக்களித்தார்கள். இன்னும் அவகாசம் வேண்டும் என்று ஒரு வேட்பாளர் நீதிமன்றம் போயும் கிடைக்கவில்லை. மற்றவர்கள் என்ன போட்டார்கள் என்று தெரிந்துகொண்டு போடுவதும் தெரியாமல் போடுவதும் ஒன்றில்லையே.

மைவிரல்

நான் பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தவன், இப்போது ஓய்வு. சட்டப்பொறி சொன்ன பிரிவைப் பயிற்சி வகுப்பில் அரை நிமிடத்தில் கடந்துவிடுவார்கள். அரை நிமிடம்கூட அதிகம்.

ஒருமுறை எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். முதல் நாள் மாலை நாங்கள் சாமான்களோடு போய் இறங்கும்போதே தூறல். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து பார்த்தால் அறைக்குள் கணுக்காலளவு தண்ணீர். இயந்திரம் பேட்டரியில் ஓடுவது என்பதால் மின்சாரம் போனதைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் மேசை நிற்கவே தரை வேண்டுமே. மண்டல அலுவலருக்குச் சொல்லி, முகவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அதே கட்டடத்தின் மாடிக்கு ஏறினோம். மாதிரி வாக்குப்பதிவு முடித்து, கொஞ்சம் தாமதமாக என்றாலும் தொடங்கிவிட்டோம். எனக்கு ஒரே பெருமை.

பதினொரு மணி வாக்கில் ஒரு முகவர் வந்து, ‘ஐயா, கீழே வந்தவர்கள் எல்லாம் பூட்டைப் பார்த்துவிட்டு ஓட்டு இல்லை என்று திரும்பிப் போகிறார்கள்’ என்றார். கீழறையைப் பூட்டிவிட்டு, ‘சாவடி மாடிக்கு மாற்றப்பட்டது’ என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தேன். தாள் நனைந்து கீழே விழுந்து கிடந்தது. பசை எங்கே பிடிக்கும், சுவரே ஊறிப்போயிருந்தது. அப்புறம் ஒரு காவலரை வாசலிலேயே நிற்க வைத்தோம். அதற்குள் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. வாக்காளர் கையெழுத்துப் போடும் 17ஏ பதிவேட்டில் வந்தவர்கள் கணக்குத்தான் இருக்கும். வராதவர்கள் ஏன் வரவில்லை என்று எழுத அதில் கட்டம் இல்லை.

வந்தவர்களிலும் முட்டி வலிக்காரர்கள் படியைப் பார்த்து மலைத்து நின்றார்கள். நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏற்றினோம். ஒரு பாட்டி மட்டும் ‘என்னைத் தூக்க வேண்டாம், ஓட்டும் வேண்டாம்’ என்று போய்விட்டார். நாட்குறிப்பில் ‘வாக்குப்பதிவு தடையின்றி நடந்தது’ என்றுதான் எழுதினேன். இப்போதும் அந்த வரி உறுத்தும்.

குடைமறந்தவன்

ஒரு சின்ன சந்தேகம். மழையில் நனைந்த விரலில் மை ஒட்டுமா? அழிந்துபோனால் இன்னொரு தடவை போடலாமா? (சும்மா ஆர்வத்தில்தான்.)

வரைபடக்காரி

மைவிரல் ஐயா சொன்ன பூட்டிய அறைதான் இந்த விஷயத்தின் நடுமையம் என்று நினைக்கிறேன். தேதியைப் பற்றித்தான் எல்லோரும் சண்டை போடுகிறோம். வாக்கு தொலைவது பெரும்பாலும் இடத்தில்.

2018 அக்டோபர் 10 அன்று மைக்கேல் புயல் புளோரிடாவின் வடமேற்குப் பகுதியைத் தாக்கியது. நான்கு வாரத்தில் தேர்தல். சேதமான மாவட்டங்களில் வாக்குச்சாவடிகளை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ள ஆளுநர் ஆணை போட்டார். பே மாவட்டத்தில் நாற்பதுக்கு மேல் இருந்தவை ஆறு பெரிய மையங்களாகச் சுருங்கின. பார்க்க நியாயம்தான். கட்டடமும் இல்லை, ஆளும் இல்லை, ஆறு இடத்தில் ஒழுங்காக நடத்துவோம் என்கிறார்கள். பிறகு வாக்காளர் ஒவ்வொருவருக்கும் பழைய சாவடி எவ்வளவு தூரம், புதியது எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டு ஆய்வு செய்தவர்கள், வாக்குப்பதிவு குறைந்ததில் இந்தத் தொலைவுக்குப் பெரிய பங்கு இருந்ததாகக் கண்டார்கள். அதாவது காற்று வீசியதால் வராமல் போனவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. நிர்வாகம் எடுத்த முடிவால் வராமல் போனவர்களும் இருக்கிறார்கள்.

காரும் சாலையும் உள்ளவருக்குப் பத்து கிலோமீட்டர் ஒன்றுமில்லை. கார் மரத்தடியில் நசுங்கிக் கிடக்கும்போது அதே பத்து கிலோமீட்டர் வேறு ஊர். அதனால்தான் ‘எத்தனை மையம் திறந்தீர்கள்’ என்று கேட்டால் போதாது. ‘யார் எவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது’ என்று கேட்க வேண்டும்.

சும்மாபார்ப்பவன்

சரி, இடம்தான் சிக்கல் என்றே வைத்துக்கொள்வோம். இடமே தேவைப்படாத வழி இருக்கிறதே. தபால், மின்னஞ்சல். எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கும் காலத்தில் இன்னும் மேசை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவானேன்?

சட்டப்பொறி

@சும்மாபார்ப்பவன், இதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். சாண்டிக்குப் பிறகு நியூஜெர்சியில் வீட்டைவிட்டு வெளியேறியவர்கள் மின்னஞ்சலிலும் தொலைநகலிலும் வாக்களிக்கலாம் என்று தேர்தலுக்குச் சில நாள் முன்னால் அறிவித்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் வாக்காளருக்கென்று போட்டு வைத்த ஏற்பாட்டை அப்படியே இவர்களுக்கும் நீட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து சொற்பம் பேர் கேட்பார்கள். இங்கே ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வந்து கொட்டியது. மாவட்ட அலுவலகங்களின் அஞ்சல்பெட்டி நிரம்பி மின்னஞ்சல்கள் திரும்பின. ஓர் அலுவலர் தன் சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து அதற்கு அனுப்புங்கள் என்றார். கடைசியில் திருப்பி அனுப்பும் கெடுவை நவம்பர் 9 வரை நீட்ட வேண்டியதாயிற்று. இவ்வளவுக்கும் மேல், அந்த வழியில் வாக்களித்தவர் ரகசியத்தை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டை இழந்தவரிடம் ரகசியத்தையும் இழந்துவிடு என்பது என்ன நியாயம்?

தபால் வாக்கு அதைவிட நல்லது, ஆனால் அதற்கும் ஒரு முகவரி வேண்டும். முகவரிதானே போயிற்று! தபால்காரரும் அதே வெள்ளத்தில்தான் இருக்கிறார். இன்னொன்று, கெடுபிடியைத் தளர்த்தினால் ஓட்டையும் பெரிதாகும். வடகரோலினாவின் ஒன்பதாவது தொகுதியில் 2018இல் தபால் வாக்குகளை ஆள் வைத்துச் சேகரித்து மோசடி செய்தது தெரியவந்து, முடிவையே ஒதுக்கிவிட்டு அடுத்த ஆண்டு மறுதேர்தல் நடத்தினார்கள். அது புயலால் வந்ததல்ல. தபால் வாக்கில் வாக்குச்சீட்டு யார் யார் கை மாறி வருகிறது என்று பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சொல்கிறேன்.

அக்கரைவாசி

இதுவரை ஊரிலேயே இருப்பவர்களைப் பற்றித்தான் பேசியிருக்கிறோம். ஊரைவிட்டே போனவர்கள்?

துருக்கியில் 2023 நிலநடுக்கத்துக்குப் பிறகு லட்சக்கணக்கானோர் வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். போன இடத்தில் வாக்களிக்க வேண்டுமானால் குறிப்பிட்ட நாளுக்குள் முகவரியை மாற்றிப் பதிய வேண்டும். இல்லையென்றால் சொந்த ஊருக்குத் திரும்பி வர வேண்டும். பலர் மாற்றவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். முகவரியை மாற்றினால் வாக்கும் அந்த நகரத்துக்குப் போய்விடும். இடிந்த ஊரை யார் திரும்பக் கட்டப் போகிறார்கள் என்று முடிவு செய்யும் தேர்தலில், இடிந்த ஊர்க்காரனுக்கே வாக்கில்லை என்றாகும். அதனால் பேருந்து பிடித்து வந்தார்கள், கன்டெய்னர்களில் அமைத்த சாவடிகளில் வரிசையில் நின்றார்கள். கட்சிகளும் தன்னார்வலர்களும் பேருந்துகளை ஏற்பாடு செய்தார்கள். பேருந்து கட்சியுடையது என்றால் ஏறுகிறவர் மனதில் என்ன ஓடும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸிலும் இதே கதை, கொஞ்சம் நல்லபடியாக. கத்ரீனா புயல் தாக்கியது 2005 ஆகஸ்ட் 29. அடுத்த பிப்ரவரியில் நடக்க வேண்டிய மேயர் தேர்தல் 2006 ஏப்ரல் 22க்குத் தள்ளிப்போனது, இறுதிச் சுற்று மே 20. லூசியானாவின் மற்ற பகுதிகளில் துணை வாக்குப்பதிவு மையங்கள் திறந்து, அங்கிருந்தே நியூ ஆர்லியன்ஸ் வாக்கைப் போட வைத்தார்கள். ஆனால் மாநில எல்லையைத் தாண்டி ஹூஸ்டனுக்கும் அட்லாண்டாவுக்கும் போனவர்கள் தங்களுக்கும் மையம் கேட்டபோது கிடைக்கவில்லை. தபாலில் அனுப்புங்கள் என்றார்கள். போனவர்களில் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பின மக்கள் என்பதால் அந்தச் சண்டை நீதிமன்றம் வரை போனது.

இது செய்யவே முடியாத காரியமா என்றால், இல்லை. காஷ்மீரிலிருந்து இடம்பெயர்ந்த பண்டிதர்களுக்காக ஜம்முவிலும் டெல்லியிலும் சிறப்புச் சாவடிகளைப் பல தேர்தல்களாக நடத்திவருகிறார்கள். பள்ளத்தாக்கில் உள்ள சொந்தத் தொகுதிக்கே அங்கிருந்து வாக்களிக்கலாம். ஜப்பானில் தங்கியிருக்கும் ஊர் அலுவலகத்தில் போய்ச் சொந்த ஊருக்கான வாக்கைப் போடும் முறை சாதாரணச் சட்டத்திலேயே இருக்கிறது. 2011 பேரழிவுக்குப் பிறகு புகுஷிமாவிலிருந்து வெளியேறியவர்களுக்கு அது கைகொடுத்தது.

சட்டப்பொறி

அக்கரைவாசி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், பலருக்கு இந்தப் பயம் உண்டு. முகாமுக்கோ உறவினர் வீட்டுக்கோ போய்விட்டால் பட்டியலில் பெயரை நீக்கிவிடுவார்களா? 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆவது பிரிவு தெளிவாகவே இருக்கிறது. வசிப்பிடத்தைவிட்டுத் தற்காலிகமாக விலகி இருப்பதாலேயே ஒருவர் அந்த இடத்தில் சாதாரணமாக வசிப்பவர் இல்லை என்று ஆகிவிட மாட்டார். இதைப் பட்டியல் சரிபார்க்க வருகிறவரிடம் வாய்விட்டுச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். வீடு இடிந்து கிடந்தால் ‘ஆள் இல்லை’ என்று குறித்துக்கொண்டு போகத்தான் பார்ப்பார்கள்.

நீர்மட்டம்

நான் கேட்ட கேள்வியே கொஞ்சம் தப்பு என்று புரிகிறது. ஆனால் ஒன்று இன்னும் விளங்கவில்லை. இடத்தை மாற்றலாம், மையம் திறக்கலாம், நாளைக் கூட்டலாம் என்கிறீர்கள். யார் சொல்வது? புயல் அடித்த மறுநாள் ஆளுக்கொரு ஆணை போட்டால் அது இன்னொரு புயல்.

வரைபடக்காரி

@நீர்மட்டம், அதற்கு உராயசு கதை சரியாகப் பொருந்தும். தோக்கியோவுக்குப் பக்கத்தில் கடலை மூடி எழுப்பிய நிலத்தில் பெரும்பகுதி இருக்கும் நகரம். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் மண் குழைந்து சாலை, கழிவுநீர்க் குழாய் எல்லாம் பிய்ந்துவிட்டன. வடகிழக்கு மாகாணங்களில் ஏப்ரல் உள்ளாட்சித் தேர்தல்களைத் தள்ளி வைக்க அந்த மார்ச் மாதமே தனிச்சட்டம் போட்டார்கள். உராயசு அந்தச் சலுகைக்குள் வரவில்லை. நகரமோ ‘எங்களால் முடியாது’ என்றது. மாகாணத் தேர்தல் வாரியம் ‘நடத்தியே ஆக வேண்டும்’ என்றது. ஏப்ரல் 10 அன்று மாகாணம் முழுக்க வாக்குப்பதிவு நடந்தது, உராயசுவில் மட்டும் சாவடி திறக்கவே இல்லை. உறுப்பினர் இடம் காலியாகக் கிடந்து, மே 22 அன்றுதான் தேர்தல் நடந்தது. இரு தரப்பும் கெட்ட எண்ணத்தில் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. கடைசிச் சொல் யாருடையது என்று முன்கூட்டி எழுதி வைக்காததன் விளைவு.

கனடாவின் வடமேற்கு ஆட்புலங்களில் 2023இல் காட்டுத்தீயால் தலைநகர் யெல்லோநைஃபையே காலி செய்தார்கள். அக்டோபர் 3 தேர்தலை நவம்பர் 14க்கு மாற்ற, சட்டமன்றமே கூடிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஊரே வெளியேறிக் கிடக்கும்போது! நல்லவேளை, கூட முடிந்தது.

சும்மாபார்ப்பவன்

இதைத்தானே முதலில் இருந்து சொல்கிறேன், கடைசிச் சொல் யாருடையது என்று. ஆளுங்கட்சியின் கையில் மட்டும் கொடுக்காதீர்கள். புளோரிடாவில் 2016 அக்டோபரில் மேத்யூ புயல். ஆளுநரே மக்களை வெளியேறச் சொல்கிறார். ஆனால் வாக்காளர் பதிவுக்கான கடைசி நாளான 11ஆம் தேதியை நீட்ட மறுக்கிறார். வெளியேறினால் பதிவு போச்சு, பதிய நின்றால் உயிர் போச்சு. நீதிமன்றம்தான் 18ஆம் தேதி வரை நீட்டியது. அந்த ஒரு வாரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள். இத்தனைக்கும் வாக்குப்பதிவுத் தேதியில் கைவைக்கவே இல்லை!

வரைபடக்காரி

அட, இது நான் சொல்ல வேண்டிய எடுத்துக்காட்டு. பிடுங்கிக்கொண்டீர்கள்.

ஒழுங்காக நடந்ததற்கும் ஒன்று சொல்லட்டுமா? 2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் வடகரோலினாவின் மலைப்பகுதியை உருக்குலைத்தது. சாலையே ஆற்றோடு போன ஊர்கள் உண்டு. இரண்டு கட்சிக்காரர்களும் உள்ள மாநிலத் தேர்தல் வாரியம் அக்டோபர் 7 அன்று ஒருமனதாக வாக்களித்து, மோசமாக அடிபட்ட 13 மாவட்டங்களுக்கு மட்டும் சில தளர்வுகள் கொடுத்தது. சாவடியை மாற்றலாம், முன்கூட்டி வாக்களிக்கும் நேரத்தைக் கூட்டலாம், வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டவர் தபால் வாக்குச்சீட்டை இருக்கும் மாவட்டத்திலேயே ஒப்படைக்கலாம். அக்டோபர் 17 அன்று முன்வாக்குப்பதிவு தொடங்கியபோது, அடிபட்ட 25 மாவட்டங்களில் திட்டமிட்டிருந்த 80 மையங்களில் 76 திறந்தன. சில இடங்களில் கூடாரம்தான்.

எனக்கு இதில் பிடித்தது அந்த ‘ஒருமனதாக’. எதிர்க்கட்சியும் கையெழுத்துப் போட்ட தளர்வை நாளைக்கு யாரும் தில்லுமுல்லு என்று எளிதில் சொல்ல முடியாது. வாரியத்துக்கு அந்த அவசர அதிகாரம் புயலுக்கு முன்பே இருந்தது என்பதும் முக்கியம். 2022இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதிபர் தேர்வுச் சட்டத்தைத் திருத்தியபோதும் இதே யோசனைதான். பேரிடர் வந்தால் மாநிலம் வாக்குப்பதிவுக் காலத்தை நீட்டலாம், ஆனால் தேர்தல் நாளுக்கு முன்பே இயற்றிய சட்டப்படி மட்டும்.

மைவிரல்

படித்துக்கொண்டே வருகிறேன். எல்லாம் மேலிடத்து விஷயம். கீழே நிற்பவன் பார்வையில் ஒன்று விட்டுப்போகிறது.

வாக்குச்சாவடி என்பது என்ன? பள்ளிக்கூடம். வெள்ள நிவாரண முகாம் என்பது என்ன? அதே பள்ளிக்கூடம். வாக்குப்பதிவு அலுவலர் யார்? ஆசிரியர். முகாமுக்குப் பொறுப்பு யார்? அதே ஆசிரியரும் வருவாய்த் துறை ஊழியரும். லாரி, பேருந்து, காவலர், ஜெனரேட்டர் எல்லாமே இப்படித்தான், இரண்டு பக்கமும் ஒரே பட்டியல். தேர்தல் திட்டத்தை ஒரு அலுவலகமும் பேரிடர் திட்டத்தை இன்னொரு அலுவலகமும் எழுதுகின்றன. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தானே ஒரே பள்ளியை இரண்டு பேரும் எழுதியிருப்பது தெரியும். முகாமில் நானூறு பேர் படுத்திருக்கும் வகுப்பறையைக் காலி செய்யச் சொல்லி அங்கே வாக்குப்பதிவு நடத்துவீர்களா? அவர்களும் வாக்காளர்கள்தானே.

2024இல் வயநாட்டில் இந்த விஷயத்தில் கொஞ்சம் யோசித்துச் செய்தார்கள். ஜூலை 30 நிலச்சரிவில் சூரல்மலை, முண்டக்கை ஊர்களே சிதைந்துபோயின. நவம்பர் 13 மக்களவை இடைத்தேர்தலில் அந்த மக்களுக்கென்று தனிச்சாவடிகள் அமைத்து, வாடகை வீடுகளில் சிதறியிருந்தவர்களுக்கு வாகனமும் விட்டார்கள். கட்சி வண்டி இல்லை, நிர்வாகத்தின் வண்டி. அக்கரைவாசி சொன்ன சங்கடம் அதில் இல்லை.

எனக்கு யாராவது அதிகாரம் கொடுத்தால் ஒவ்வொரு சாவடிக்கும் மேட்டு நிலத்தில் மாற்று இடம் ஒன்றைத் தேர்தல் அறிவிக்கும் நாளிலேயே குறித்து, பூத் சிலிப்பிலேயே இரண்டு பெயரையும் அச்சடிப்பேன். ‘சாவடி இது. மழையென்றால் அது.’ அவ்வளவுதான். நனைகிற தாளை நம்பியிருக்க வேண்டாம்.

புதுவரவு

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு நடைமுறைக் கேள்வி. வெள்ளத்தில் அம்மாவின் வாக்காளர் அட்டை போய்விட்டது. அட்டை எண்கூட நினைவில்லை. அடுத்த தேர்தலில் என்ன செய்வது?

மைவிரல்

@புதுவரவு, பயப்பட வேண்டாம் அம்மா. வாக்குரிமை பட்டியலில் இருக்கிறது, அட்டையில் இல்லை. முதலில் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், பெயரையும் தொகுதியையும் கொடுத்தே தேடலாம். பெயர் இருந்தால், படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், ஆதார், ஓட்டுநர் உரிமம், நூறு நாள் வேலை அட்டை என்று ஆணையம் அனுமதித்த மாற்று ஆவணங்களில் ஒன்றைக் காட்டினால் போதும். பூத் சிலிப் மட்டும் கொண்டு வந்தால் ஏற்க மாட்டார்கள், இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். புதிய அட்டைக்குப் படிவம் 8 கொடுங்கள். தேர்தல் அறிவிக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

அக்கரைவாசி

எல்லா ஆவணமும் ஒரே பெட்டியில் இருந்து, பெட்டியோடு போனவர்களுக்கு?

மைவிரல்

அங்கேதான் இடிக்கிறது. பட்டியலில் படம் இருக்கிறது, முகவர்களுக்கு ஆளைத் தெரியும், எனக்கே தெரியும். ஆனாலும் ஒரு தாளாவது கேட்கத்தான் வேண்டும். பேரிடர்ப் பகுதிக்கு முகாமிலேயே அட்டை நகல் கொடுக்கும் மேசை ஒன்று போட்டால் தீரும். நிவாரணப் பணத்துக்கு ஆளை அடையாளம் காண முடிகிறதே, வாக்குக்கு முடியாதா?

நீர்மட்டம்

நிவாரணம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு, 2019 ஜனவரி 28 அன்று திருவாரூர் இடைத்தேர்தல் என்று அறிவித்தார்கள். வேட்புமனுத் தாக்கல்கூடத் தொடங்கிவிட்டது. நிவாரணப் பணி முடியவில்லை என்று எல்லாப் பக்கமும் குரல் எழ, ஜனவரி முதல் வாரத்திலேயே ஆணையம் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தலோடு சேர்த்து நடந்தது. அந்த முடிவு எனக்குச் சரியாகவே பட்டது. தேர்தல் வந்தால் நடத்தை விதிகள் வரும், புதிதாக எதையும் கொடுக்க முடியாது என்று அதிகாரிகள் கையைக் கட்டிக்கொள்வார்கள். அதே ஆண்டு மே மாதம் ஃபானி புயலின்போது ஒடிசாவின் 11 கடலோர மாவட்டங்களுக்கு நடத்தை விதிகளையே தளர்த்தினார்கள். அங்கே ஏறக்குறைய எல்லா இடத்திலும் வாக்குப்பதிவு முடிந்திருந்தது என்பதால் சுலபம்.

ஆக, ஓர் இடைத்தேர்தல் என்றால் தள்ளி வைக்கலாம், ஒரு சாவடி என்றால் ஒத்திவைக்கலாம், நாடு முழுக்க என்றால் இடத்தையும் நேரத்தையும் வளைத்து நடத்திவிட வேண்டும் என்ற பக்கம் சாய்கிறேன். சும்மாபார்ப்பவன் பாதி ஜெயித்தார்.

சும்மாபார்ப்பவன்

பாதிதானா? சரி, மீதியை ஒத்திவைத்திருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். எண்ணிக்கை அதன் பிறகு.

குடைமறந்தவன்

என் மை கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

மைவிரல்

மன்னிக்கவும் தம்பி, என் பெயரை வைத்துக்கொண்டே விட்டுவிட்டேன். அந்த மையில் இருப்பது சில்வர் நைட்ரேட். தோலில் உள்ள உப்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத பொருளாகிவிடும், பிறகு மழையில் நின்றாலும் போகாது. ஆனால் வைக்கும்போது விரல் ஈரமாகவோ எண்ணெயாகவோ இருந்தால் சரியாகப் பிடிக்காது. அதனால் மழை நாளில் மை வைக்கும் அலுவலர் மேசையில் ஒரு காய்ந்த துணி கட்டாயம் இருக்க வேண்டும். அன்று மாடியில் எங்களிடம் இருந்த ஒரே துணியும் பத்து மணிக்குள் நனைந்துவிட்டது. என் துண்டைக் கொடுத்தேன். கறை இன்னும் இருக்கிறது.